கேட்காத கடன்

திருடிய பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்பதை மறைக்கல்வி வகுப்புச் சிறாரும் அறிவர். ஆனால் நாம் திருடாமலேயே பிறர் பொருள் நம் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? கொடுத்தவர் அறியாமல் கொடுத்து, பெற்றவரும் அறியாமல் பெற்று, பல ஆண்டுகள் சென்றபின் உண்மை தெரியவந்தால் நம் கடமை யாது? இவ்வினாவோடு ஒருநாள் மாலைத் திருப்பலிக்குப் பின் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். உடன் அவருடைய தந்தையும் வந்திருந்தார். அவர்களின் இசைவோடே இதனை எழுதுகிறோம்.

தந்தை நடுவணரசு ஊழியர். பெசன்ட் நகரில் அரசு ஒதுக்கிய வீட்டில் குடியிருப்பவர். அந்த வீட்டிலேயே வளர்ந்து, படித்து, தேர்வெழுதிய மகன் 2022ஆம் ஆண்டு தாமும் நடுவணரசுப் பணியில் சேர்ந்தார். ஊதியச் சீட்டில் ‘வீட்டு வாடகைப்படி’ என்றொரு தொகை இருந்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று அவர் ஐயமின்றி வாங்கிக்கொண்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் உடன் பணியாற்றும் ஒருவர் பேச்சுவாக்கில் கூறியபோதுதான் விதி தெரிந்தது. பெற்றோருக்கு அரசு ஒதுக்கிய வீட்டில் வாழும் ஊழியருக்கு வாடகைப்படி பெறும் தகுதி இல்லை.

தொகை சிறிதன்று. சென்னை போன்ற பெருநகரங்களில் இப்படி 2024 சனவரி முதல் அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடாக உயர்ந்தது. 25,500 ரூபாய் அடிப்படை ஊதியம் பெறுபவருக்கு மாதம் 7,650 ரூபாய். அதற்கு முன் 27 விழுக்காடு. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியது. அதில் ஒரு பகுதி இருசக்கர வண்டியாயிற்று. பெரும்பகுதி தங்கையின் திருமணத்திற்கென வங்கியில் சேர்ந்திருந்தது.

“அலுவலகத்தில் சொல்லிவிடுகிறேன்” என்றார் மகன். தந்தை உடன்படவில்லை. “கேட்கும்போது கொடுத்துவிடலாம், சாமி. கேட்காததை நாமே போய் ஏன் சொல்ல வேண்டும்? இவனைப் போன்ற ஊழியரிடம் பிடித்தம் செய்யக் கூடாதென்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறதே!” என்றார்.

தந்தை கூறியதில் உண்மை உண்டு. பஞ்சாப் அரசு தொடர்ந்த வழக்கொன்றில் 2014 திசம்பரில் உச்ச நீதிமன்றம், தவறுதலாக மிகுதியாய் வழங்கிய தொகையை மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமும், ஓய்வு பெற்றவரிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்போரிடமும் திரும்பப் பெறலாகாது என்றது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக வழங்கப்பட்டு வந்த தொகைக்கும் அவ்வாறே விலக்களித்தது. ஆயினும் 2016இல், மிகுதியாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2024 சூலையில் நம் இளைஞரின் நிலையை ஒத்த வழக்கே வந்தது. தந்தைக்கு ஒதுக்கிய வாடகையில்லா அரசு வீட்டில் வாழ்ந்துகொண்டே வாடகைப்படி பெற்ற, சம்மு-காசுமீரின் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் 3,96,814 ரூபாயைத் திருப்பிச் செலுத்த வேண்டியதே என்று தீர்ப்பாயிற்று.

கடல் கடந்தும் இதே சிக்கல் உண்டு. பிரித்தானியாவில் வீட்டு வாடகைக்கு அரசு உதவி பெறும் குடும்பத்தில் பிள்ளை வளர்ந்து பெற்றோரைச் சார்ந்திராத நிலையை அடைந்தால், அவரும் வாடகையில் பங்கேற்பார் எனக் கருதி உதவியைக் குறைப்பர். இம்மாற்றத்தைத் தெரிவிக்க மறந்த பெற்றோருக்குப் பின்னாளில் கடன் கடிதம் வந்து சேர்கிறது. அங்கும், அலுவலகத்தின் பிழையால் வந்து, பெற்றவர் அறிந்திருக்க வழியில்லாத தொகையை அவ்வுதவியின் பழைய விதி மன்னித்தது.

இவ்விலக்குகளெல்லாம் இரக்கத்தின் கனிகளே. எளியவர் உண்டு தீர்த்த சோற்றைத் திரும்பக் கேட்பது நீதியாகாது என்பதை அவை உணர்ந்திருக்கின்றன. எனினும் அவை யாரை நோக்கிப் பேசுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் எதனைப் பிடுங்கலாகாது என்றே அவை கூறுகின்றன. பெற்றவர் எதனை மறைக்கலாம் என்று கூறவில்லை. கடனை மன்னிப்பது கொடுத்தவரின் உரிமை. கடன்பட்டவர் தமக்குத் தாமே அதனை மன்னித்துக்கொள்ள இயலுமோ?

ஈடுசெய்தலை நீதியின் செயலாகவே புனித தாமஸ் அக்குவினாஸ் ஆராய்கிறார். அவர் வழிவந்த அறநெறி இறையியலார், நல்லெண்ணத்தோடு பிறர் பொருளைப் பெற்றவர்மீது மிகுந்த சுமையை ஏற்றுவதில்லை. எஞ்சியிருப்பதையும், அதனால் தாம் அடைந்த செல்வப் பெருக்கத்தையும் அவர் திருப்பித் தந்தால் போதும். அறியாமல் உண்டு கழித்ததற்கு அவர் குற்றவாளியல்லர். ஆனால் உண்மை தெரிந்த கணமே அந்த நல்லெண்ணம் முடிவுக்கு வருகிறது. மறுமாதம் அதே தொகையை வாங்கினால் அது பழைய அறியாமையன்று, புதிய குற்றம். வங்கியில் கிடக்கும் பணமோ இன்னும் செலவாகவே இல்லை.

யாக்கோபின் மக்களை நினைவுகூர்வோம். எகிப்தில் தானியம் வாங்கித் திரும்பியவர்கள் தங்கள் கோணிகளில் கொடுத்த பணம் அப்படியே இருக்கக் கண்டனர். அவர்கள் திருடவுமில்லை, எவரும் அதனைக் கேட்கவுமில்லை. நாடோ கடும் பஞ்சத்தில் வாடியது. ஆயினும் மீண்டும் புறப்படுகையில், தவறுதலாக வந்திருக்கக்கூடும், எடுத்துச் செல்லுங்கள் என்கிறார் முதிய தந்தை. இருமடங்குப் பணத்தோடு சென்ற அவர்கள் மேற்பார்வையாளரிடம் தாங்களே முன்வந்து கூறுகின்றனர். அஞ்ச வேண்டாம் என்ற ஆறுதல், உண்மையைச் சொன்ன பிறகே அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே பணத்தைத் திருப்பித் தரச் சொன்னவர் தந்தை என்பதை நம்மிடம் வந்த தந்தைக்குச் சற்றே நினைவூட்டினோம்.

இதில் இன்னோர் உண்மையும் உண்டு. நம் இல்லங்களில் பிள்ளை பெரியவராகும் நாளை எவரும் குறித்து வைப்பதில்லை. தாய் அதே தட்டில் சோறு போடுகிறார். தந்தையே மின்கட்டணம் செலுத்துகிறார். இந்த அன்பு அருமையானதே. ஆனால் வீடு தந்தையின் வீடாக இருக்கும்போதே, ஊதியமும் கையொப்பமும் மகனுடையவை ஆகிவிடுகின்றன. யாருடைய கூரையின்கீழ் வாழ்கிறேன், அதன் செலவை யார் ஏற்கிறார் என்று தானே கேட்டுத் தானே விடைசொல்லத் தொடங்கும் நாளில்தான் பிள்ளை பெரியவராகிறார்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கலியாணத்தை ஓராண்டு தள்ளி வைக்கலாமா என்று உன் தங்கையைக் கேட்போம்” என்றார். அடுத்த வாரம் மகன் அலுவலகத்திற்கு மடல் எழுதினார். படி நின்றது. பழைய தொகையைத் தவணைகளாகப் பிடித்தம் செய்ய ஆணை வந்தது. தங்கை முகம் வாடினாள் என்பதையும், தந்தைக்கு மனம் இன்னும் முழுமையாக ஆறவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நேர்மைக்கு விலை உண்டு. அவ்விலையைக் குடும்பம் முழுவதும் சேர்ந்தே செலுத்த நேர்கிறது. ஆகவே, அத்தகைய குடும்பத்தில் திருமணம் தள்ளிப்போகும்போது, அதன் சுமையில் ஒரு பகுதியை ஏற்க நாமும் முன்வருவோமா? கேட்காத கடனைத் திருப்பித் தருவோருக்கு, கேட்காமலே உதவும் கைகள் நம் பங்குகளில் பெருகட்டும்.