வினை யாரைச் சேரும்?
சண்டிலிப்பாய்ப் பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிப்பவர் தாங்கியை முதுகில் சுமந்து, வாயையும் மூக்கையும் ஒரு துணியால் கட்டிக்கொண்டு, தான் தெளித்த மருந்துக்குள்ளேயே நடக்கிறார். அந்த வேலையை மனித உடம்பிலிருந்து இறக்கி வைக்கும் ட்ரோனை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் இறுதி யுத்தத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு வானத்து இரைச்சல் வேறொன்று. வேவு விமானத்தை அவர்கள் ‘வண்டு’ என்றார்கள். வண்டு சுற்றினால் பின்னால் எறிகணை வரும் என்று பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். அதே வன்னியின் கிளிநொச்சியில்தான், அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இன்று இயங்குகின்றன. ட்ரோன் ஆய்வுக்கு ஒரு கம்பனி பணத்தோடு வந்தால் எந்த நிபந்தனையில் கைகோக்கலாம்? என் பார்வையில், இது வினை யாரைச் சேரும் என்ற சைவக் கேள்வி.

கருவிக்குக் குற்றமில்லை, பயன்படுத்துபவனுக்கே குற்றம் என்பார்கள். சென்னையில் நடந்ததைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துத் தக்ஷா குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் ஆளில்லா விமானத்தால் இரத்த மாதிரியை எடுத்துவரும் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அந்த ஆய்வோடு வளர்ந்த தக்ஷா நிறுவனத்துக்குப் பின்னர் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ விவசாய ட்ரோன்களுக்கும், இந்திய இராணுவம் சரக்கேற்றும் ட்ரோன்களுக்கும் ஓடர் கொடுத்தன. பறக்க வைக்கும் அறிவு ஒன்றே, வாங்குபவர்தான் வேறு. சடப்பொருளுக்குக் கன்மம், அதாவது வினை, இல்லை என்பதைச் சைவ சித்தாந்தமும் ஒப்புக்கொள்ளும். ஆனால் அதனாலேயே பொறுப்பு முழுவதும் அறிவுள்ள உயிர்மேல் வந்து விழுகிறது; அந்த உயிர்களில் ஆய்வாளரும் ஒருவர்.

சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், சிவனை மதியாத தக்கனின் வேள்வியையும், சிவபூசையைக் குலைத்த தந்தையின் காலை வெட்டிய சண்டேசுரரின் செயலையும் எதிரெதிரே வைக்கிறார். வேள்வி தீமையாயிற்று, வெட்டு நன்மையாயிற்று. செயல் எதை நோக்கிச் செய்யப்பட்டது என்பதே அங்கே அளவுகோல். நல்ல நோக்கம் என்று சொல்லி எந்தக் கொடுமையையும் நியாயப்படுத்தலாமே என்று கேட்பது சரியான கேள்வி. இந்த மண்ணில் அதைக் கேட்காமல் விடவே கூடாது. என் பதில், ஒருவர் தன் நோக்கத்துக்குத் தானே சாட்சியாக முடியாது என்பதே. வண்டின் சத்தத்துக்குப் பயந்தவர்களின் முன்னால் அந்த நோக்கத்தைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நோக்கத்தைப் பணம் கொடுப்பவர் பிறகு தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடும் ஆய்வாளர், அப்போதே வினையில் பங்கெடுத்துவிட்டார்.

விற்றபின் எங்கே போகும் என்பதை யார் கட்டுப்படுத்துவது என்ற ஆட்சேபமும் உண்டு. முழுதாக முடியாதுதான். ஆயினும் பயிரின் நோயை இலையின் நிறத்தில் கண்டறியும் மென்பொருளும், நடந்துபோகும் மனிதனை அடையாளம் கண்டு பின்தொடரும் மென்பொருளும் ஒரே ஆய்வல்ல. இரண்டாவதைத் தொடங்குவது தனியான ஒரு தீர்மானம், அதை மறுக்கவும் முடியும். ஏழைப் பல்கலைக்கழகம் மறுத்தால் ஆய்வுகூடமே இருக்காது என்பது உண்மையான வலி. அதை நான் சிறிதாக்கவில்லை. அப்படியானால் பேரம் பேச வேண்டியது தொகையை மட்டுமல்ல. எதற்காக என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், முடிவுகளை வெளியிடும் உரிமை பீடத்திடம் இருக்க வேண்டும், மனச்சாட்சி உறுத்தி விலகும் மாணவரின் பட்டத்துக்குப் பாதிப்பு வரக்கூடாது. இந்த மூன்றையும் ஏற்காத கம்பனியின் பணத்தைத் திருப்பி அனுப்பலாம்.