இல்லறத்தான் பொருள் சேர்க்கலாமா?

பற்றே துக்கத்திற்கு மூலம் என்று போதிக்கும் தம்மத்தைத் தழுவிய ஒருவன், மாதந்தோறும் பணத்தை ஒதுக்கிச் சேர்த்து வைப்பது பற்றாகாதோ? இவ்வினாவை அந்தமான் தீவில், சிப்பிகாட்டில், கொத்து வேலை செய்யும் ஓர் உபாசகர் நம்மிடம் கேட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையை மனைவி வயிற்றில் சுமந்திருக்கிறார். தாயார் தாய்நாட்டில், அதாவது தமிழ்நாட்டில், தனியே இருக்கிறார். கேட்டவர் உண்மையாகவே கேட்டார். ஆயினும் நம்மவருள் சிலர் இதே வினாவைத் தம் ஊதாரித்தனத்திற்குப் போர்வையாகப் போர்த்திக் கொள்வதையும் நாம் அறிவோம். இரு சாராருக்கும் விடை வேண்டியிருப்பதால் இதனை எழுதலானோம்.

அந்த அன்பர் மற்றொன்றும் சொன்னார். “சேர்த்து வைத்துத்தான் என்ன பயன்? கடல் வந்தால் கொண்டு போய்விடும்” என்றார். சிப்பிகாட்டில் நின்று கொண்டு இப்படிச் சொல்பவரை எளிதில் மறுத்துவிட முடியாது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகருக்கு அணித்தே உள்ள ஊர் அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிகழ்ந்த பெரு நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து போயிற்று. ஆழிப்பேரலை வந்து திரும்பிற்று. ஆனால் தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை. நெல் விளைந்த வயல்களிலும் தென்னையும் பாக்கும் நின்ற தோட்டங்களிலும் ஓதம் ஏறுந்தோறும் உப்புநீர் புகுந்தது. பல வயல்கள் மீளவேயில்லை. இன்று அந்நீர்ப்பரப்பில் நீர்ப்பறவைகள் மேய்கின்றன. அவற்றைக் காண வெளியூரார் வருகின்றனர். தலைமுறையாகத் திருத்திய நிலம் ஒரே காலையில் கடலின் பங்காகப் போனதைக் கண்ட ஊரில், ‘அநித்தியம்’ என்னும் சொல்லை விளக்க உபதேசகன் தேவையில்லை. அந்த அநித்தியத்திலிருந்து பெறும் முடிவு யாது என்பதே கேள்வி.

முதலில் பற்றைப் பற்றிப் பேசுவோம். கோலியர் குலத்து இல்லறத்தான் ஒருவன், தீகஜாணு என்பான், ததாகதரை அடைந்து, தாங்கள் பிள்ளைகள் நெருக்கும் படுக்கையில் உறங்கும் இல்லறத்தார் என்றும், தம் போன்றோருக்கு இம்மையிலும் மறுமையிலும் நலம் தரும் வழியைக் கூறவேண்டும் என்றும் வேண்டினான். வளரும் குடும்பத்தின் இடநெருக்கடியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் பிறர் உளரோ, அறியோம். பகவான் அவனை நோக்கி, ‘பிள்ளைகளை விட்டு வா’ என்று சொல்லவில்லை. ஊக்கத்தோடு உழைத்தல், உழைத்துப் பெற்றதைக் காத்தல், நல்லோரோடு நட்புக் கொள்ளுதல், வரவறிந்து அளவாக வாழ்தல் என நான்கைக் கூறினார். வரவுக்கு மிஞ்சிச் செலவிடுபவனை, அத்தி மரத்தை உலுக்கி வேண்டியதற்கு மேல் கனியை உதிர்த்து வீணாக்குபவனுக்கு ஒப்பிட்டார். அதே மூச்சில், பெருவருவாய் இருந்தும் தன் வயிற்றையும் குடும்பத்தின் வயிற்றையும் ஒடுக்கி வாழ்பவனையும் கடிந்தார். ஆகவே பால் வாங்காமல் பணம் சேர்க்கும் தகப்பனுக்குத் தம்மத்தில் இடமில்லை.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் இதனை அழுத்தமாக எடுத்துக் காட்டுகிறார். வறுமையைப் புத்தர் புனித நிலையென்று புகழவில்லை; பொருளீட்டலை வரவேற்றார்; அஃது ஒழுக்கத்திற்கு அடங்கியதாக இருக்கவேண்டும் என்பதே அவர் விதித்த வரம்பு என்பது அண்ணலின் கருத்து. தலைமுறை தலைமுறையாக, ‘உனக்கு எதற்குச் சொத்து?’ என்று பிறரால் கேட்கப்பட்ட மக்கள் நாம். அந்தக் கேள்வியையே தம்மத்தின் பேரால் நம்மை நாமே கேட்டுக் கொள்வது நகைப்புக்குரியதன்றோ?

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. கடைக்காரர் கணக்கேட்டில் நாம் தரவேண்டியதை எழுதும் பத்திக்குப் ‘பற்று’ என்றே பெயர். கையில் ஒதுக்கம் இல்லாதவன் மளிகைக் கடையின் பற்றில் அகப்பட்டு, மாதக் கடைசியில் அந்த வீதி வழியே போகக் கூசித் தெருவைச் சுற்றிச் செல்கிறான். எந்தப் பற்று மனிதனை அதிகம் பிணிக்கிறது என்பதை அவனைக் கேட்டால் தெரியும்.

இனி, எவ்வளவு சேர்ப்பது? சிங்காலோவாத சூத்திரத்தில், ஈட்டியதை நான்காகப் பகுத்து, ஒரு பங்கை அனுபவித்து, இரு பங்கைத் தொழிலிலிட்டு, நான்காம் பங்கை ஆபத்துக்கென வைக்குமாறு கூறப்பட்டுள்ளது. இதனை மேடையில் ஒப்பித்துவிட்டு இறங்குவது எளிது. நாமும் பஞ்சாலையில் உழைத்தவரே. நாலில் ஒரு பங்கில் நாலு வயிறு நிறையாது என்பதை அறிவோம். சிங்காலன் இராஜகிருகத்துச் செல்வர் மகன். அவனுக்குச் சொன்ன அளவு அன்றாடக் கூலிக்காரனுக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்வதில் தம்ம நிந்தை ஏதுமில்லை. பங்கின் அளவு மாறலாம். இன்றைய வயிறு, நாளைய உழைப்பு, என்றோ வரும் ஆபத்து என்னும் மூன்றுக்கும் தனித்தனியே இடம் வேண்டும் என்னும் பகுப்பு மாறாது. கூலிக்காரனுக்குத் ‘தொழில்’ என்பது அவன் கரணையும் மட்டப்பலகையும், அவன் உடம்பு, அவன் பிள்ளைகளின் படிப்பு ஆகியவையே.

அந்த உபாசகரோடு அமர்ந்து ஒரு கணக்கு எழுதிப் பார்த்தோம். நாட்கூலி 800 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அத்தீவில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருவன. ஆதலால் ஆண்டில் ஆறு மாதம் 24 நாளும், மற்ற ஆறு மாதம் 14 நாளுமே வேலை உண்டெனக் கொள்வோம். நல்ல மாதத்து வரவு 19,200; மழை மாதத்து வரவு 11,200. ஆண்டுக்கு 1,82,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,200 ஆகிறது. குடும்பம் மாதம் 14,500 ரூபாயில் நடக்குமாயின், நல்ல மாதத்தில் 4,700 மிஞ்சும். மழை மாதத்தில் 3,300 குறையும். நல்ல மாதங்களில் மிஞ்சிய 28,200இலிருந்து மழை மாதங்களின் குறையாகிய 19,800ஐக் கழித்தால், ஆண்டு முழுதும் பாடுபட்டதன் உண்மை மிச்சம் 8,400 மட்டுமே.

இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நல்ல மாதத்தில் கையில் நிற்கும் 4,700ஐ அவர் இதுவரை மிச்சம் என்றே எண்ணிவந்தார். அதில் 3,300 மழைக் காலத்து அரிசி. அஃது இன்னும் உண்ணாத சோறேயன்றிச் சேமிப்பன்று. எஞ்சிய 1,400 தான் சேமிப்பு. முன்னதை எடுத்து ஒரு கைப்பேசி வாங்குகிறவன், ஆடி மாதத்துப் பானையை மாசி மாதத்திலேயே கவிழ்க்கிறான். நம் வீட்டுப் பானை மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியன்று. தீவில் இன்னொரு தொல்லையும் உண்டு. பல பண்டங்கள் சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து கப்பலில் வரவேண்டும்; புயலால் கப்பல் தவறினால் காய்கறி விலை ஏறிவிடும். ஆதலின் பருப்பும் எண்ணெயும் உலர்ந்த மிளகாயும் ஒரு மாதத்திற்கு முன்கூட்டி வாங்கி வைத்தலும் அங்கே சேமிப்பில் ஒரு வகையே.

மழை மாதத்துக் குறையைக் கடனால் நிரப்பினால் நேர்வது யாது? நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டியில் 10,000 வாங்குவோன் மாதம் 500, ஆண்டுக்கு 6,000 வட்டியாகவே கட்டுவான். முதல் அப்படியே நிற்கும். மேற்சொன்ன 8,400இல் பெரும்பகுதி வட்டிக்காரருக்கே போய்விடும். வறியவன் கடன் கொள்கிறான், வட்டி ஏறுகிறது, கேட்டு வருகிறார்கள், பின்தொடர்கிறார்கள், முடிவில் கட்டுண்கிறான் என்று படிப்படியாகப் பகவான் விளக்கிய சூத்திரம் ஒன்று அங்குத்தரத்தில் உண்டு. கடனின்மையை இல்லறத்தானின் நால்வகை இன்பங்களுள் ஒன்றாக வைத்தவரும் அவரே.

இப்பொழுது கடலின் கேள்விக்கு வருவோம். இதற்கு அனாதபிண்டிகரின் சரிதத்தைவிடப் பொருத்தமான சான்று நமக்குத் தெரியாது. அப்பெருஞ்செல்வர் வணிகரிடம் கடனாகக் கொடுத்த பதினெட்டுக் கோடி திரும்பவில்லை. ஆற்றங்கரையில் பானைகளிலிட்டுப் புதைத்திருந்த இன்னொரு பதினெட்டுக் கோடியை வெள்ளம் கரையோடு அரித்துக் கடலில் கொண்டு சேர்த்தது. சிப்பிகாட்டாரின் துன்பத்தை அவரும் அறிந்தவரே. அவர் வறியரான பின்பும் தானத்தை நிறுத்தவில்லை. அறுசுவை போய்க் கஞ்சி ஊற்றும் நிலை வந்தபோது கஞ்சியை ஊற்றினார். பின்னர் ஒரு தேவதை புதையலை மீட்டுத் தந்ததாகக் கதை போகும். அப்பகுதி பகுத்தறிவாளராகிய நமக்கு வேண்டா. கடலில் போனது திரும்பாது என்றே கொள்வோம்.

புதைத்த நிதி இடம் பெயரும், மறந்து போகும், பிறர் எடுத்துக் கொள்வர் என்று நிதிகண்ட சூத்திரமும் எச்சரிக்கிறது. புண்ணியமே கள்வர் கவராத நிதி என்கிறது. இதைக் கொண்டு, ‘ஆகவே சேமியாதே’ என்று முடிப்போர் அவசரக்காரர். ஒரே பானையில், ஒரே கரையில், ஒருவருக்கும் தெரியாமல் வைப்பதன் கேட்டையே அனாதபிண்டிகரின் பானைகள் காட்டுகின்றன. தரைக்கடியில் வைத்த நகை அலையில் போனால் போனதுதான். அஞ்சலகப் புத்தகம் அலையில் போனாலோ, புத்தகம் மட்டுமே போகும். கணக்கு அரசின் ஏட்டில் நிற்கும். அடையாளம் காட்டி வேறு புத்தகம் பெறலாம். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டு கட்டலாம். பத்து வயது நிரம்பாத பெண்குழந்தைக்கு 2015இல் தொடங்கிய செல்வமகள் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாயேனும் போட்டு வரலாம். பதினெட்டு வயதானபின் படிப்புக்கு அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கவும் இடமுண்டு. வங்கி வைப்புக்கு வங்கி ஒன்றுக்கு ஒருவருக்கு ஐந்து இலட்சம் வரை காப்புறுதி உள்ளது. இவற்றை விடுத்து, மாதம் நூற்றுக்குப் பத்தும் இருபதும் தருவோம் என்று வரும் கூட்டத்தாரிடம் கொடுப்பது, ஆற்றங்கரையில் பானை புதைப்பதினும் கேடு. ஆறாவது எச்சரித்துவிட்டுப் பெருகும்.

அந்த ஊரில் 2004க்கு முன் பள்ளியில் படித்த பிள்ளைகளின் எழுத்தறிவை உப்புநீர் தொடவில்லை என்பதையும் அவ்வன்பருக்கு நினைவூட்டினோம். வயலை இழந்த வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அவ்வீட்டின் இரு பங்கு வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்தது என்று பொருள்.

செலவில் எதைக் குறைப்பது? மதுவைப் பற்றி ஐந்தாம் சீலம் ஏற்றவர்களிடம் விரித்துப் பேசுவது அவமதிப்பு, விடுவோம். சடங்கைப் பற்றியே பேசவேண்டியுள்ளது. திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி மணம் முடிக்கக் கற்றுக் கொண்டோம், நன்று. ஆனால் ஐயரை நிறுத்திய கையாலேயே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிறோம். மஞ்சள் நீராட்டைக் கைவிட்டவர் பிறந்தநாளுக்குப் பந்தல் போடுகிறார். பழைய சடங்கு போயிற்று, பழைய கடன் போகவில்லை. மொய் எழுதுவது திரும்பி வரும் பணம்தானே என்பர். திரும்பி வரும் நாளை நாம் குறிக்க இயலாது. நமக்குத் திருப்பவேண்டிய நாளை மற்றவர் குறிக்கிறார். இதைச் சேமிப்பென்று எவ்வாறு சொல்வது?

கணக்கை யார் எழுதுவது என்பதில் சூத்திரம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மனைவிக்கு வீட்டில் அதிகாரத்தை ஒப்படைத்தல் கணவன் கடமை என்றும், ஈட்டி வந்ததைக் காத்தல் மனைவி கடமை என்றும் சிங்காலனுக்குச் சொல்லப்பட்டது. அதிகாரத்தைத் தராமல் காக்கும் கடமையை மட்டும் தலையில் ஏற்றுவது நம் வீடுகளில் வழக்கம். ‘காசை அழித்துவிட்டாள்’ என்று மனைவியைக் குறைகூறும் ஆடவரிடம் நாம் கேட்பது ஒன்றே: கூலி எவ்வளவு என்பது அவ்வம்மைக்குத் தெரியுமா? தெரியாது எனில், இல்லாத ஏட்டில் எப்படிக் கணக்கெழுதுவார்? அஞ்சலகக் கணக்கில் இருவர் பெயரும் இருக்கட்டும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுவோர் உண்டு. அந்நாளில் பணம் எடுக்க மனைவிக்கு வழியில்லையேல் சேர்த்ததும் சேராததும் ஒன்றே.

இறுதியாக அவ்வுபாசகர் தாயாரைப் பற்றிக் கேட்டார். மாதம் 2,000 ரூபாய் ஊருக்கு அனுப்பி வருகிறார். மூன்றாம் பிள்ளை பிறந்தபின் அதைத் தானக் கணக்கில் எழுதிக் கொண்டு, சங்கத்துக்குத் தரும் சிறு தொகையை நிறுத்திவிடலாமா என்பது அவர் ஐயம். பொருளின் பயன்களை அனாதபிண்டிகருக்கு எடுத்துரைக்கும் சூத்திரத்தில், தன்னையும் தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் பேணுதல் முதற்பயனாக ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. துறவோர்க்கு ஈதல் கடைசியில் தனியே வருகிறது. ஆதலால் அம்மாவுக்கு அனுப்புவது தானமாகாது. 14,500இல் அடங்கவேண்டிய வீட்டுச் செலவு அது. சங்கத்துக்குத் தரும் தொகையைப் பிள்ளை பிறக்கும் ஆண்டில் நிறுத்திக் கொள்ளலாம், சங்கத்தார் அதனைக் குறையாகக் கொள்ளார் என்றோம். சற்று எண்ணிப் பார்த்து, உலையிடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பௌர்ணமிதோறும் கொண்டு வருவதாக அவர் மனைவியார் கூறினார். அதனை ஏற்றுக் கொண்டோம்.