பெரிதாக்கினால் தரிசனமா?

மதுரை மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி உயரம். உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பத்தின் கண்ணில் தீட்டிய மையைத் தெற்குச் சித்திரை வீதியில் நிற்பவர் காண முடியாது. இணையத்தில் உயர்துல்லியப் படத்தைப் பெரிதாக்குபவர் காணலாம். அப்படியானால் அவருக்குக் கிடைத்ததுதான் மேலான தரிசனமா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் படம் முழுதாக நம்மிடம் வருவதே இல்லை. பெரும்பாலும் 256 பிக்சல் சதுரங்களாக நறுக்கி, மேலே போகப்போக நீள அகலத்தைப் பாதியாக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். அகன்ற அடி, குறுகிய உச்சி என்று அதுவும் ஒரு கோபுரம்தான். விரல் விரிகிற இடத்துச் சதுரங்கள் மட்டும் சர்வரிலிருந்து இறங்கும், முதலில் மங்கலாக, பிறகு துல்லியமாக. ஆக, நாம் கேட்டது மட்டுமே வருகிறது. தரிசனத்திலோ பார்வை எதிர்ப்புறத்திலிருந்தும் வர வேண்டும். மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் மீனாட்சி என்ற பெயருக்கு மரபு பொருள் சொல்கிறது: அவள் பார்க்கிறாள், நாம் பார்க்கப்படுகிறோம்.

நடக்க முடியாத முதியவரும் டொராண்டோவில் இருப்பவரும் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூஜையறை அச்சுப்படத்துக்கு விளக்கேற்றுபவரின் பக்தி எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் அவர் அந்தப் படத்தைத் துருவுவதில்லை, அதன் முன்னால் நிற்கிறார். திரைக்கு முன்னாலும் அப்படி நிற்க முடியும், விரலை எடுத்துவிட்டால். துருவும் பார்வை, சுதையில் விரிசல் தேடும் ஸ்தபதிக்கு உரியது.