அருவப் புகைப்படமும் விமர்சனத்தின் கடமையும்

புகைப்படம் பொய் கூறாத சாட்சி என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கையை அசைத்தவற்றுள் அருவப் புகைப்படமும் ஒன்று. ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1917ஆம் ஆண்டளவில் ஆடிகளினூடே பொருள்களைச் சிதறடித்துப் படம்பிடித்தார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1920களில் முகில்களைப் படமாக்கி, அவை தம் உள்ளநிலைகளுக்கு நிகரானவை என்றார். இலங்கையில் லயனல் வென்ற் (1900–1944) ஒளியும் நிழலும் இடம்மாறித் தோன்றும் இருட்டறை உத்திகளைக் கையாண்டார். இத்தகைய படங்களிற் பொருளின் பெயர் பின்வாங்க, கோடும் ஒளியும் முன்னிற்கின்றன. அவ்வாறாயின், பெயரற்ற படத்தைப் பற்றி எவரும் எதனையும் கூறிவிடலாமா?

இவ்வினாவுக்கு மன்னார்க் கடல் ஓர் உரைகல்லாகும். கலைநோக்கின்றி எடுக்கப்பட்ட படமும், எடுக்கப்பட்ட உயரத்தினால் அருவத்தன்மை பெறலாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் தூரம் பரந்துள்ள மணற்றிட்டுகளும் ஆழமற்ற கடலும் விண்வெளிப் படங்களில் வளைந்த வெளிறிய கோடாகத் தோன்றுகின்றன. 2002ஆம் ஆண்டில், இப்படங்கள் மனிதர் கட்டிய, 17.5 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய பாலமொன்றைக் காட்டுவதாகச் செய்தி பரவியது. படத்தைக் கொண்டு மாத்திரம் அதன் தோற்றத்தையோ வயதையோ அறிய இயலாதென அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விளக்கியது.

இங்கு மூன்று விடயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். படத்தில் உள்ளது ஒரு கோடு. அக்கோடு மணலா, பாறையா, எத்துணைப் பழமையுடையது என்பன கடலடியைத் துளைத்தும் அளந்தும் அறியப்படவேண்டியவை. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் பெயர்கள் மரபு தந்தவை. மீனவனுக்கோ அதே கோடு, படகின் அடி தட்டும் இடம்.

மரபை அழிப்பது விமர்சனத்தின் வேலையன்று; மரபு தருவதைப் படம் தருவதாகக் கொள்ளும் மயக்கத்தை நீக்குவதே அதன் வேலை. படத்தை மட்டும் காட்டி நம்புவோரை எள்ளுபவனும் அதே மயக்கத்துக்கு ஆளாகின்றான். அப்படம் அவன் கூற்றையும் நிறுவுவதில்லை.

கலைப்படத்துக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். “அழகு” என்பதும் “விளங்கவில்லை” என்பதும் ஆராய்வை அங்கேயே முடித்துவிடுகின்றன. கண்டது யாது, அறிந்தது யாது, தான் கொணர்ந்தது யாது என வகுத்துரைப்பவனே பிறர் மறுத்துரைக்கவும் இடமளிக்கின்றான். அவ்விடத்தை அளிப்பதே விமர்சனத்தின் அறம்.