புதுமுறைத் திருமணமும் நடத்திவைப்போன் கடமையும்

திருமணம் என்பது இருவர் தமக்குள் கொள்ளும் உறவா, சமூகம் அவ்விருவருக்கும் வழங்கும் நிலையா என்னும் வினா பழமையானது. அவ்வினா இன்று புதியதோர் வடிவில் நம்முன் நிற்கின்றது. தம் நம்பிக்கையையும் வாழ்க்கை நோக்கையும் புலப்படுத்தும் வகையில் மணச்சடங்கைத் தாமே வகுத்துக்கொள்ள விழையும் இளைஞர் சிலர், குருக்களையோ குருவானவரையோ நாடாது, தாம் மதிக்கும் ஆசிரியர் ஒருவரை அணுகி, "எங்கள் மணத்தை நீங்களே நடத்திவைக்க வேண்டும்" என வேண்டுகின்றனர். அவ்வாறு வேண்டப்படுபவர் எவ்வுரிமையால் முன்னிற்கின்றார்? அவருடைய கடமை யாது? இவ்வினாக்களை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியை மனத்திற்கொண்டு ஆராய முற்படுவோம்.

தீவுப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஊர்காவற்றுறையில் கத்தோலிக்கரும் சைவரும் அயலவராய் வாழ்கின்றனர். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் அமைந்துள்ளன. 1990இல் போரினால் தீவுமக்கள் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பலர் கனடாவிலும் பிரான்சிலும் வளர்ந்தனர். வேறுபட்ட மரபுகளில் வளர்ந்த இருவர் மணவறையில் ஒன்றுசேரும் வாய்ப்பு இத்தகைய மண்ணிலே மிகுதி. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியும் நயினாதீவுச் சைவ இளைஞன் ஒருவனும் மணம்புரிய விரும்புகின்றனர் எனக் கொள்வோம். இருவரும் மதம் மாற விரும்பவில்லை. ஒருவர் மதச்சடங்கில் மற்றவர் ஒப்புக்காக நிற்கவும் விரும்பவில்லை. கூறையும் தாலியும் இருக்கட்டும், சொற்கள் எம்முடையனவாக இருக்கட்டும் என்கின்றனர். கடலோரத்தில் விளக்கேற்றி, தாம் எழுதிய உறுதிமொழியைக் கூறி மணந்துகொள்ளத் திட்டமிடுகின்றனர்.

"இது மரபன்று" என்பதே இதற்கு முதலில் எழும் மறுப்பு. ஆயின் மரபு என்பது யாது? அகநானூற்றின் 86ஆம் 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்களில் எரியோம்பலும் இல்லை, மறையோதுவாரும் இல்லை. முதற்பாட்டிலே மக்கட்பேறுடைய மகளிர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். சிலப்பதிகாரத்திற்கு வரும்போது பார்ப்பான் முன்னிற்கத் தீவலம் வருதல் இடம்பெறுகின்றது. யாழ்ப்பாணத்திலோ பொன்னுருக்கலும் கூறை கொடுத்தலும் சிறப்புற்றன. வறியோர் பலர் சோறு கொடுத்து உடனுண்டு இல்லறம் தொடங்கினர். மணச்சடங்கு காலந்தோறும் மாறியே வந்துள்ளது. மேலும், மரபென்று போற்றப்படுவன யாவும் போற்றத்தக்கனவும் அல்ல. மணவீட்டில் வெள்ளை கட்டும் உரிமையைக்கூடச் சாதி நோக்கி ஒரு சாராருக்கு மறுத்தது இம்மண். அத்தகைய கொடுமைகளைத் தடுக்க 1957இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததை நாம் மறத்தலாகாது.

எனினும், சடங்கு மாறக்கூடியது என்பதால் அது வேண்டாதது ஆகிவிடாது. கரணம் தோன்றிய காரணத்தைத் தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது: கொண்ட உறவை இல்லையெனப் பொய்த்தலும் அதனின்று வழுவுதலும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணம் வகுத்தனர் என்பது அதன் கருத்து. இதனோடு ஐரோப்பிய வரலாற்றை ஒப்புநோக்குக. மறைவாகச் செய்த மணங்களைப் பின்னர் மறுத்துப் பெண்களைக் கைவிடும் வழக்கம் மிகுந்தமையால், 1563இல் திரெந்து சங்கம், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் செல்லாது என விதித்தது. காலத்தாலும் இடத்தாலும் தொடர்பற்ற இவ்விரு மரபுகளும் ஓருண்மையைக் கண்டுள்ளன. சடங்கின் வேர் அழகுணர்ச்சியில் இல்லை. பொய்க்கு எதிரான காப்பிலே உள்ளது.

இனி, மணத்தை ஆக்குபவர் யார்? குருவானவரே ஆக்குகின்றார் எனப் பலர் எண்ணுவர். ஆனால் இலத்தீன் திருச்சபைக் கோட்பாட்டின்படி திருமண அருளடையாளத்தை ஒருவர்க்கொருவர் வழங்குபவர் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அவர்தம் சம்மதத்தைக் கேட்டு ஏற்கும் சாட்சியாவார். குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினரிடம் மணத்தை நடத்திவைப்போன் என ஒருவன் இல்லை. மணமக்கள் தாமே உறுதி கூறுவர், வந்தோர் அனைவரும் சான்றிதழில் ஒப்பமிடுவர். இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இதற்கு அணுக்கமானது. பதிவாளர் முன் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்று ஒப்பமிட்டால் வேறு சடங்கு எதுவுமின்றியே மணம் நிறைவேறும் என்பதை அவர் இருவருக்கும் எடுத்துரைத்தல் வேண்டும். ஆகவே, முன்னிற்போன் மணத்தை ஆக்குபவன் அல்லன். இருவர் சொல்லைக் கேட்டு, பின்னொருநாள் "ஆம், கேட்டேன்" எனச் சொல்லக் கடமைப்பட்டவன்.

இவ்வுண்மையைத் தமிழர் வரலாற்றில் துணிந்து நடைமுறைப்படுத்தியது சுயமரியாதை இயக்கம். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரின்றி நடந்த மணத்தை அதன் தொடக்கமாகக் கூறுவர். அம்முறையைப் பின்பற்றிப் பல்லாயிரவர் மணந்தனர். ஆயின் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணமொன்று சட்டப்படி செல்லாது எனத் தீர்த்தது. கொள்கைக்காக மணந்தோரின் மனைவியர் உரிமையும் மக்கள் உரிமையும் ஒரு தீர்ப்பினால் கேள்விக்குள்ளாயின. அண்ணா முதலமைச்சரான 1967இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டமே, முன்னர் நடந்த மணங்களையும் உள்ளடக்கி, இக்குறையைப் போக்கியது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் தமக்கு விளங்கும் மொழியில் உறுதி கூறுதலோ, மாலையோ மோதிரமோ மாற்றுதலோ, தாலி கட்டுதலோ போதுமென அது விதித்தது.

இடைப்பட்ட அப்பதினான்கு ஆண்டுகள் நம் ஆசிரியருக்கு உணர்த்துவது பெரிது. சடங்கின் புதுமைக்கு மணமக்கள் இருவரும் பொறுப்பாளிகள் எனினும், அது தோற்கும்போது வரும் இழப்பு சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பெண்ணும் பிள்ளையுமே பெரும்பங்கைச் சுமப்பர். தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் இலங்கைக்கு உரியதன்று. கடலோர உறுதிமொழி எத்துணை உயர்ந்ததாயினும், வழக்குமன்றில் அதனைத் திருமணமென நிறுவ நேரின் இடர்ப்பாடு மிகும். பதிவேடே அதற்குச் சிறந்த சான்று. ஆதலின், யாழ்ப்பாணத்தார் வழக்கில் 'எழுத்து' எனப்படும் பதிவு நிறைவேறியதா என உசாவாது மணமேடை ஏறும் ஆசிரியர், தம் முதற்கடமையில் தவறியவராவார்.

இரண்டாவது கடமை இதனினும் நுண்ணியது. இருவரும் உண்மையாகவே விரும்புகின்றனரா, எழுதிய சொற்கள் இருவருக்கும் உரியனவா என அவர் அறிதல் வேண்டும். "எங்கள் தனித்தன்மை" எனப்படுவது பல வேளைகளில் ஒருவரின் தனித்தன்மையாகவே இருத்தலும், மற்றவர் அன்பினாலோ அச்சத்தினாலோ தலையசைத்தலும் உண்டு. எனவே இருவரையும் தனித்தனியே சந்தித்து உரையாடுதல் இன்றியமையாதது. சமத்துவத்தை உறுதிமொழியில் முழங்கிவிட்டு, மறைவில் சீதன உறுதி முடிக்கப்படுமாயின், அம்முழக்கம் பொய்யாகும். பொய்க்கு எதிராகத் தோன்றிய கரணமே பொய்யைச் சுமப்பதற்கு ஆசிரியர் துணைபோதல் அறமாகாது. அந்நிலையில் மறுத்தலே அவருக்குரிய கடமை.

மணமெனின் ஊரறிய நடத்தல் வேண்டுமன்றோ என வினவலாம். பெற்றோர் எதிர்ப்பும் சாதி வெறியும் உள்ளவிடத்து, ஊரறிதலே உயிருக்குக் கேடாகலாம். இதனை உணர்ந்தே இந்திய உச்சநீதிமன்றம் 2023இல், தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் நடக்கும் மணத்துக்குப் பலரறியச் செய்யும் விழா கட்டாயமன்று எனத் தீர்த்தது. உடன்போகியோர்க்குக் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு எனத் தொல்காப்பியம் கொண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வேண்டுவது கூட்டம் அன்று, சான்று. ஆயிரம் பேர் உண்டு செல்லும் மணத்தில் உறுதிமொழியை ஒருவரும் கேளாதிருத்தலும் கூடும். நால்வர் கூடிய மணத்தில் நால்வரும் அதற்குப் பொறுப்பேற்றலும் கூடும்.

இறுதியாக, தனித்தன்மை பற்றி ஒருசொல். மணமேடையை நெடுந்தீவின் பவளக்கல் மதிலருகே அமைத்தலும், மணமகனை வள்ளத்தில் வரச்செய்தலும் அழகாயிருக்கலாம். அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை பொருள் கொடுத்தால் எவருக்கும் கிடைப்பன. நாளை வேறிருவரும் அவ்வாறே செய்வர். எவரும் விலைக்கு வாங்க முடியாதது, இம்மனிதர் இம்மனிதருக்குக் கொடுக்கும் சொல். நாம் கற்பித்த அவ்விருவரின் மணத்தைப் புதுமணம் ஆக்குவது கடற்காற்று அன்று. தம் நம்பிக்கையைக் கைவிடாதும், மற்றவர் நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாதும் வாழ்வோம் என்னும் அவர்தம் வாக்கே அதனைப் புதுமணம் ஆக்குகின்றது. அவ்வாக்கின் பயன் மணநாளில் தெரிவதன்று. பிள்ளைக்குப் பெயரிடும் நாளிலும், பெற்றோருக்கு இறுதிக்கடன் ஆற்றும் நாளிலுமே அது சோதிக்கப்படும். அந்நாட்களிலும் அவர்கள் வந்து கதவைத் தட்டினால் திறக்கக் கூடியவரே அவர்தம் மணத்தை நடத்திவைக்கத் தகுதியுடையவர்.