சிவன் ஆன ராமையா

சென்னை மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் மார்கழி விடியல்தோறும் பஜனை பாடி நடந்த பாபநாசம் சிவன் (1890–1973) பாபநாசத்தில் பிறந்தவரும் அல்லர், பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் சிவனும் அன்று. தஞ்சைப் பகுதியின் போலகத்தில் பிறந்த ராமையா, தமையனோடு வாழ்ந்த ஊரின் பெயரையும், திருநீறு துலங்க உருகிப் பாடியதைக் கண்ட அடியார்கள் அழைத்த பெயரையும் தமதாக்கிக்கொண்டார்.

ஏழு வயதில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்ற அவர், அங்குள்ள சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணப் புலமையைக் குறிக்கும் ‘வையாகரணி’ பட்டம் பெற்றார். சொல்லையும் இசையையும் ஒருவரே படைக்கும் ‘வாக்கேயக்காரர்’ மரபில், ‘தமிழ்த் தியாகராஜர்’ என்று போற்றப்பட்டவரின் முறையான உயர்கல்வி வடமொழியில் அமைந்தது என்பது பெருவியப்பு. ஆயினும் அவருடைய சாகித்தியங்களில், அதாவது பாடல்களின் சொற்பகுதியில், தமிழ் எங்கும் இடறாமல் ஒழுகுகிறது. வடமொழிச் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே தொகுத்தார் என்பதும் பலர் மறந்துவிட்ட பேருழைப்பு.

கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பக்த குசேலா’ (1936) படத்தில் வறிய குசேலராக நடித்தவரும் அவரே. கண்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி இரு வேடங்களில் தோன்றினார். சிவன் பாடல்கள் எழுதிய ‘ஹரிதாஸ்’ (1944), சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இத்தனை புகழுக்குப் பிறகும், மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ விருது அவரை 1971-இல், எண்பது வயது நிறைந்த பின்னரே வந்தடைந்தது, அத்தாமதம் வருந்தத்தக்கதே.