சுமைதாங்கிக் கல் பங்கு கேட்பதில்லை

சாமித்தோப்புக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ச் சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் படுத்த கல் ஒன்று. கருப்பட்டிக் கடவத்தைத் தலையில் ஏற்றி வடசேரிச் சந்தைக்கு நடந்த எங்கள் ஆச்சி, துணைக்கு ஆள் இல்லாத நேரத்திலும் சுமையை அந்தக் கல்மேல் நகர்த்தி வைத்து மூச்சு வாங்குவாள். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் நாட்டுவது நம் பக்கத்தில் வழக்கமாக இருந்தது. அவள் இறக்கி வைக்காத சுமைக்கு ஊரார் சுமை இறங்குவதே ஆறுதல் என்று நம்பினார்கள்.

போன மாதம் என் மருமகன் முகம் வாடி வந்தபோது அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற விளையாட்டை அவன் ஆடுகிறான். ஆடுகிறவர்களே புது வண்டி செய்து அதில் சேர்க்கலாம். இப்படி ஆட்டக்காரர்கள் செய்து சேர்ப்பதற்கு மாட் என்று பெயர். கேரளத்துப் பையன்களும் நம் பையன்களும் தங்கள் ஊர் பஸ்களை இந்தோனேசியச் சாலையில் ஓடவிடுவது இப்படித்தான். நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் நின்று படம் பிடித்து, மூன்று மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து, 'கன்னியாகுமரி' என்று முன்பலகை எழுதிய ஒரு பஸ்ஸை இவன் செய்தான். பின்கண்ணாடியில் ஆச்சி பெயர். அந்த பஸ்ஸை இலவசமாகத்தான் கொடுத்தான். யாரோ ஒருவர் ஆச்சி பெயரையும் இவன் பெயரையும் அழித்துவிட்டு, இணையத்தில் விளம்பரங்களுக்கு நடுவே தன்னுடையதாகப் போட்டிருந்தார்.

"காசா கேட்டேன்? பேரையாவது விட்டிருக்கலாம்லா மாமா" என்றான்.

இப்படி நடக்காமலிருக்க, விளையாட்டு விற்கும் கடைகளே மாட்களுக்கும் இடம் கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்பேன். வழியில் கல் இல்லாவிட்டால் சுமக்கிறவன் கழுத்துதான் ஒடியும். ஆனால் இடம் கொடுப்பவனின் தர்மம் எது என்பதுதான் பெரிய கேள்வி.

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2011இல் வொர்க்‌ஷாப் என்ற பெயரில் மாட்களுக்கு இடம் திறந்தது. நல்ல காரியம். 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் என்ற விளையாட்டின் மாட்களை விலைக்கு விற்கவும் வழி செய்தது. நூறு ரூபாய்க்கு விற்றால் செய்தவனுக்கு 25. மீதி 75 கடைக்கும் விளையாட்டு நிறுவனத்துக்கும். ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, சில நாளிலேயே அதைக் கைவிட்டார்கள். மூல விளையாட்டு அவர்களுடையது, இடத்துக்கும் செலவு உண்டு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கவுன்டர் ஸ்டிரைக் விளையாட்டே 1999இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் செய்த மாடாகத் தொடங்கியதுதான். மாட் வந்தால் விளையாட்டுக்கு ஆயுள் கூடுகிறது. கடைக்கு அதிலேயே வருமானம் உண்டு. செய்தவன் விலை வைக்க விரும்பினால் வைக்கட்டும். பெரும்பங்கு அவனுக்குப் போகட்டும். ஆச்சியின் கடவத்திலிருந்து முக்கால்வாசிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளும் கல்லைச் சுமைதாங்கி என்று யார் சொல்வார்கள்?

கல்லை நாட்டிவிட்டு ஒதுங்கிவிடவும் கூடாது. ஊர்க் கிணறுகள் சாதி பார்த்த காலத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாருக்கும் பொதுவாக முத்திரிக் கிணறு கண்டார். இன்றும் அவருடைய வழிபாட்டிடமான பதிக்கு வருகிறவர்கள் அங்கே நீராடிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். யார் வந்தாலும் தண்ணீர் உண்டு என்பது பொதுக் கிணற்றின் ஒரு தர்மம். தண்ணீரைக் கெடுக்க யாரையும் விடாதிருப்பது மற்றொன்று. கடைக்கும் இந்த இரண்டும் பொருந்தும். பணமில்லாத பையன் செய்ததற்கும் இடம் வேண்டும். திருட்டு மாடும் வைரஸும் உள்ளே வராமல் காவல் வேண்டும். செய்தவன் பெயர் அழியாமல் நிற்க வேண்டும். அவன் வேறிடத்துக்குப் போக நினைத்தால் தடுக்கக் கூடாது.

நாட்டியவர் யாரென்று எங்கள் ஊர்க் கல்லில் எழுதியில்லை. ஆனால் அதில் இறக்கி வைத்த சுமை யாருடையது என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

மருமகன் அடுத்த பஸ்ஸை வரையத் தொடங்கிவிட்டான். பின்கண்ணாடியில் மறுபடியும் ஆச்சி பெயர். அதை இறக்கி வைக்க அவனுக்கு ஒரு கல் வேண்டும்.